மாத்திரைக்குள் இருக்கும் மாவு

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்வோர், கேத்தி நிலையத்தை நெருங்குகையில் பள்ளத்தாக்கெங்கும் படிப்படியாக அமைந்த உருளைக்கிழங்கு, காரட் தோட்டங்களைக் காண்பார்கள். அங்கு விளையும் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் பின்னர் நம் குழம்பில் சேருகிறது. ஆனால் கிழங்கிலுள்ள மாவுச்சத்துக்கு மருந்துத் தொழிலிலும் ஓர் அலுவல் உண்டு.

தைராய்டு சுரப்புக் குறைவுக்கு என் தாயார் உட்கொள்ளும் மாத்திரையில் உள்ள மருந்து 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அத்துகளை விரலால் எடுக்கவும் இயலாது. ஆகவே லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, மாவுச்சத்து முதலிய கார்போஹைட்ரேட்டுகளைக் கலந்து அதற்கு உருவம் தருகிறார்கள். நாம் விழுங்குவதில் பெரும்பகுதி இவைதாம்!

உருளைக்கிழங்கைத் துருவி, நீரில் பிழிந்து வையுங்கள். அடியில் வெண்மையான மாவு படியும். அதில் சிறிது எடுத்து நீர்விட்டுக் காய்ச்சினால் பசையாகும். இத்தகைய பசைதான் மருந்துத் தூளை ஒன்றாகப் பிணைக்கிறது. காய்ச்சாத உலர்ந்த மாவோ இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. இறுக அழுத்திய மாத்திரைக்குள் அது நீரை இழுத்துக்கொண்டு, பிணைப்பைத் தளர்த்தி உடைக்கிறது. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒரே பொருள் என்பது எனக்கு இன்றும் வியப்பே. மேலுறையற்ற சாதாரண மாத்திரை, 37 டிகிரி வெப்பமுள்ள நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும் என்பது இந்திய மருந்தியல் நூலின் விதி. உருளைக்கிழங்கு மாவை இரசாயன முறையில் மாற்றிச் செய்யும் சோடியம் ஸ்டார்ச் கிளைகொலேட் பன்மடங்கு உப்புவதால், நூற்றுக்கு நான்கு பங்களவே பெரும்பாலும் போதுமாகிறது.

இங்கேதான் கேத்தியின் மூடுபனி குறுக்கிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் என் தாயார், தினமும் அட்டையைப் பிரிப்பது தொல்லையென்று, மாத்திரைகளையெல்லாம் உதிர்த்துச் சமையலறையில் திறந்த கிண்ணமொன்றில் வைத்துவிட்டார். சில நாட்களில் அவை உப்பி, தொட்டால் பொடியாயின. வயிற்றில் நிகழ வேண்டியது கிண்ணத்திலேயே நிகழ்ந்துவிட்டது. நீர் எங்கிருந்து வந்ததென்று மாவுக்குத் தெரியுமா? அம்மருந்தும் ஈரத்தில் வீரியம் குன்றக்கூடியது. பொடியை அளந்து உண்ணவும் வழியில்லை. அத்தனையையும் ஒதுக்கிவிட்டுப் புதிய அட்டை வாங்கினோம். இப்போது அன்றன்றைய மாத்திரையை, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்த பிறகே அவர் பிரிக்கிறார்.