கிணறு தோண்டிய பிறகு என்ன?



ஆபிரிக்காவில் ஒரு கிராமத்துக்குக் குடிநீர் வழங்க மாதம் சில பவுண்கள் தாருங்கள் என்று கேட்கும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியிலும் பாதாள ரயிலிலும் பார்க்கிறோம். எங்கள் குடும்பங்களிலும் பலர் டிரெக்ட் டெபிற் மூலம் கொடுத்து வருகிறார்கள். அகதிகளாக வந்து, முன்பின் தெரியாதவர்கள் தந்த போர்வையிலும் உணவிலும் ஒரு காலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். கொடுப்பதன் அருமையை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கொடுத்த பணம் அங்கே என்ன ஆகிறது? ஒரு கணக்காளன் என்ற முறையில் இந்தக் கேள்வியையே இம்மாதப் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன். உதாரணமாக உகண்டாவின் கைப்பம்புகளைப் பார்ப்போம்.

மூன்று கைகள்

1981ல் பிரித்தானியாவின் நீர் வழங்கல் துறையினர் சேர்ந்து வோட்டர் எயிட் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தண்ணீர்க் கட்டணப் பில்லோடு துண்டுப் பிரசுரம் அனுப்பிப் பொதுமக்களிடம் நிதி சேர்த்தார்கள். உகண்டா உட்படப் பல நாடுகளில் அந்த நிறுவனம் வேலை செய்திருக்கிறது.

இப்படியான நிறுவனங்கள் பொதுவாக இங்கிருந்து ஆட்களை அனுப்பிக் கிணறு தோண்டுவதில்லை. பணம் திரட்டுவதும் கணக்குக் காட்டுவதும் இங்குள்ள அலுவலகத்தின் பொறுப்பு. வேலையைச் செய்விப்பது அந்த நாட்டிலுள்ள உள்ளூர் அமைப்பு அல்லது மாவட்ட நிர்வாகம். கிணறு வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வது கிராமத்து நீர்க்குழு. வீட்டுக்கு வீடு சிறு தொகை சேர்த்து வைத்து, பழுது வந்தால் திருத்துபவரை அழைப்பது குழுவின் வேலை. பங்காளித்துவம் என்று சொல்வது இந்த மூன்று கைகளும் சேர்ந்ததைத்தான். மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் தண்ணீர் நின்றுவிடும்.

மெட்ராஸிலிருந்து உகண்டாவுக்கு

உகண்டாக் கிராமங்களில் பரவலாகக் காணப்படும் கைப்பம்புக்கு அங்கே யு2 என்று பெயர். அதன் மூலம் இந்தியா மார்க் 2 என்ற பம்பு. இதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது.

1960களின் கடைசியில் வரட்சி வந்தபோது இந்தியாவில் ஏராளமான குழாய்க்கிணறுகளை இறக்கி, வார்ப்பிரும்புப் பம்புகளைப் பூட்டினார்கள். ஒரு குடும்பம் பாவிப்பதற்கென்று செய்த பம்புகள் அவை. ஒரு கிராமமே காலை முதல் மாலை வரை அடித்தபோது தாங்கவில்லை. எங்கும் உடைந்து கிடந்தன. பிறகு 1970களில் யுனிசெப்பும், இந்திய அரசும், மெட்ராஸில் இருந்த றிச்சர்ட்சன் அன்ட் குருடாஸ் என்ற அரசு நிறுவனமும் சேர்ந்து, சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை மேம்படுத்தி இந்தியா மார்க் 2 என்பதைச் செய்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் அதைப் பரீட்சித்தார்கள். யாரும் தயாரிக்கலாம், எவருக்கும் உரிமைக் கட்டணம் கொடுக்க வேண்டாம் என்றிருந்தபடியால் அது ஆபிரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

நல்ல பம்புதான். இருந்தும் அது போன இடங்களில் பழைய கதை திரும்பி வந்தது. கிராமிய நீர் வழங்கல் வலையமைப்பு 2009ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சகாராவுக்குத் தெற்கேயுள்ள 20 நாடுகளில் கைப்பம்புகளில் ஏறத்தாழ 36 வீதம் இயங்காமல் கிடந்தன. மூன்றில் ஒன்றுக்கு மேல்!

காரணங்களில் ஒன்று குழாய். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை கூடினால் கல்வனைஸ் இரும்புக் குழாயை அது அரித்துவிடும். தண்ணீர் செந்நிறமாகும், சோறு சமைத்தாலும் துணி தோய்த்தாலும் கறை. பெண்கள் பம்பை விட்டுவிட்டுப் பழைய குட்டைக்கே போய்விடுவார்கள். உகண்டாவின் நீர் அமைச்சு 2016ல் கைப்பம்புகளுக்கு இக்குழாய்களைப் போடுவதை நிறுத்தும்படி அறிவித்தது. துருப்பிடிக்காத குழாய்க்கு விலை அதிகம். ஆனால் மலிவான குழாயைப் போட்டுச் சில வருடங்களில் பம்பே கைவிடப்பட்டால் மிச்சம் பிடித்தது எதை?

மற்றக் காரணங்கள் சாதாரணமானவை: உதிரிப்பாகம் விற்கும் கடை வெகு தொலைவில் இருப்பது, பயிற்சி பெற்ற திருத்துபவர் இல்லாதது, குழுவின் கையில் காசு இல்லாதது.

முதற் செலவும் தொடர் செலவும்

கணக்கியலில் செலவை இரண்டாகப் பிரிப்போம். ஒருமுறை செய்வது மூலதனச் செலவு. வருடா வருடம் வருவது நடைமுறைச் செலவு. லண்டனில் கார் வாங்கியவருக்கு இது நன்றாகத் தெரியும். கார் வாங்கிய காசு ஒருமுறையோடு போய்விடும். காப்புறுதி, வீதி வரி, எம்.ஓ.ரி., பெற்றோல் எல்லாம் விடாமல் வரும். மகனுக்குக் காரை மட்டும் வாங்கிக் கொடுத்து, மற்றதற்கு வழி இல்லையென்றால் கார் வாசலில் நிற்கும்.

கொடையாளர்களுக்குப் பிடித்தது மூலதனச் செலவு. கிணற்றைப் படம் பிடிக்கலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். வாளித் தோல் மாற்றிய செலவுக்குத் திறப்பு விழா இல்லை. ஆனால் ஏழைக் கிராமத்துக்குத் தண்ணீர் தருவது இந்த இரண்டாவது செலவுதான்.

இந்த நேரத்தில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பிரித்தானிய அரசு வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்திலிருந்து 2021ல் 0.5 ஆகக் குறைத்தது. 2027ல் 0.3 வீதமாக்கப் போவதாக 2025ல் அறிவித்தது. அரசின் கை சுருங்கும்போது உங்களையும் என்னையும் போன்றவர்களின் பவுணுக்குப் பாரம் கூடுகிறது.

கொடுக்கும் முன் கேளுங்கள்

முதலாவது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருட வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் பொதுவாக அறக்கட்டளை ஆணைக்குழுவில் பதிய வேண்டும். அதன் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் நிறுவனத்தின் வரவு செலவு விபரங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, அங்கே உங்கள் பங்காளி யார், வேலை முடிந்த பின் யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஐந்து வருடத்துக்கு முன் கட்டியவற்றில் இன்று எத்தனை இயங்குகின்றன என்று கேளுங்கள். இதற்குப் பதில் வைத்திருக்கும் நிறுவனத்தை நம்பிக் கொடுக்கலாம். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசுபவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கும் செலவு உண்டு.

நான்காவது, நீங்கள் வருமான வரி கட்டுபவரானால் கிப்ற் எயிட் படிவத்தில் கையெழுத்திடுங்கள். நீங்கள் தரும் 100 பவுண் நிறுவனத்துக்கு 125 ஆகும். அந்த அளவுக்கு வரி கட்டாதவர்கள் கையெழுத்திட வேண்டாம். குறையும் தொகையை வரித் திணைக்களம் உங்களிடமே கேட்கும்.

இவை ஆபிரிக்காவுக்கு மட்டும் உரிய கேள்விகள் அல்ல. எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கட்டும் வகுப்பறைக்கும், வாங்கிக் கொடுக்கும் கணினிக்கும், இறக்கும் குழாய்க்கிணற்றுக்கும் இதே கணக்குத்தான். அடுத்த பொதுக்கூட்டத்தில் பொருளாளர் புதிய திட்டம் ஒன்றை வாசிக்கும்போது, ஐந்தாம் வருடத்துப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று ஒருவர் எழுந்து கேளுங்கள். குற்றம் கண்டுபிடிப்பதற்காக அல்ல. நாங்கள் இரவு வேலை செய்து சேர்த்த காசு அங்கே தண்ணீராகத் தொடர்ந்து வரவேண்டும் என்பதற்காக.