வில் பழகும் வயது

சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலின், மிருதங்கம், நாதசுவரம், தவில் முதலியவை 3 ஆண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. 12 வயதானால் சேரலாம். சேலத்தின் சூரமங்கலத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டும் தூரத்தில் கிடைத்த பெரும் வாய்ப்பு.

வயலினையே எடுத்துக்கொள்வோம். சம்மணமிட்டு, கருவியின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, வில்லை நேராக இழுப்பதே முதல் பாடம். வில்லில் ரோசின் என்ற பிசின் போதாவிட்டால் நாதம் எழாது, வழுக்கும். பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சி, 3 காலங்களில். வீணையைப் போல இதில் மெட்டுகள் கிடையாது. விரல் நூலளவு நகர்ந்தாலும் சுரம் பிசகும். பிசகைக் காதுதான் பிடிக்க வேண்டும். அந்தக் காது இளமையில் சீக்கிரம் பழகும்.

முதல் மாதங்களில் கிறீச்சென்றுதான் கேட்கும். அதைப் பொறுத்துக்கொண்டாலும், பள்ளிப் பரீட்சை வந்ததும் கருவி மூலைக்குப் போய்விடுகிறது. பெற்றோரே, அப்போதும் தினம் அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள்.