பால் உறையும் புளிப்பு

பேராக் ரப்பர்த் தோட்டங்களில், மங்கிலே தங்கிவிட்ட பால் மறுநாள் தானே கட்டியாகிவிடும். நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குவதே காரணமாகும். ஆலைத் தொட்டியில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி, அதனையே விரைந்து நிகழச் செய்தனர். புதிய பாலின் பி.எச். எண் ஏறத்தாழ 7. அது 5-ஐ நெருங்கியதும், ரப்பர்த் துகள்களை விலக்கி நிறுத்திய மின்னூட்டம் குன்றிப் பால் திரளும். இவ்வளவையில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். இரண்டு இறங்கினால் நூறு மடங்கு. 1909-இல் இதனை வகுத்த சோரன்சன், கோப்பன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றியவர். பீர் வடிப்போரும் முளைத்த வாற்கோதுமை ஊறலை 5.2 முதல் 5.6 வரை நிறுத்துவர். அப்போதுதான் மாவுப்பொருள் செம்மையாகச் சர்க்கரையாகும். நாவறியாத அவ்வேறுபாட்டை மீட்டர் காட்டும். வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர், பாட்டன் ஏந்திய மங்கிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.