விலை வேறு, நன்கொடை வேறு!

தர்மத்துக்காக இணையதளப் போட்டி நடத்துவது எப்படி?

அவருக்கு வயது 21. பெயர் அலெக்ஸ் டியூ. ஊர், இங்கிலாந்தில் உள்ள வில்ட்சயர். கல்லூரியில் சேர வேண்டும். கையில் பணம் இல்லை. கடனில் மூழ்க மனமும் இல்லை.

என்ன செய்தார், தெரியுமா? ஓர் இணையதளம் தொடங்கினார்! அது 2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தளத்துக்குப் பெயர் வாங்கவும், இடம் பிடிக்கவும் ஆன செலவு 50 யூரோதான்.

அந்தத் தளத்தில் இருந்தது ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை 10 லட்சம் புள்ளிகளாகப் பிரித்தார். ஒரு புள்ளியின் விலை ஒரு டாலர். புள்ளியை வாங்கியவர் அந்த இடத்தில் தம் விளம்பரத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு புள்ளி தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, நூறு நூறு புள்ளிகளாகச் சேர்த்து விற்றார்.

ஐந்தே மாதங்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. மொத்த வசூல் 10 லட்சத்து 37 ஆயிரத்து 100 டாலர்! உலகமே மூக்கின் மேல் விரலை வைத்தது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு யோசனை தோன்றலாம். நம் பிள்ளைகளும் இணையதளம் அமைத்து விற்கலாமே! வரும் பணத்தை ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுக்கலாமே! அதையே ஒரு போட்டியாக வைக்கலாமே!

நல்ல யோசனைதான். ஆனால் போட்டி என்றால் விதி வேண்டும். விதி சரியாக இல்லாவிட்டால், தர்மத்துக்காகத் தொடங்கியது சண்டையில் முடியும். என்னென்ன விதி வேண்டும்? டியூவின் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மூன்று பொருள்கள்

இணையதளம் என்பது ஒரு கடை மாதிரி. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. வாடகைக் கட்டடம் உண்டு. உள்ளே சரக்கு உண்டு.

இணையதளத்துக்கும் இந்த மூன்றும் உண்டு. முதலாவது, பெயர். இதை ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். இரண்டாவது, இடம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் நம் தளத்தை வைக்க வாடகை கொடுக்க வேண்டும். மூன்றாவது, சரக்கு. அதாவது தளத்தில் உள்ள எழுத்தும் படமும்.

நன்றாக ஓடும் கடையை விலைக்கு விற்பது உண்டல்லவா? அதைப் போலவே இணையதளத்தையும் விற்கிறார்கள். இதற்கென்றே சந்தைகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் 2009-ல் தொடங்கிய "பிலிப்பா" அவற்றில் ஒன்று. சில சமயம் பெயர் மட்டுமே பெரும் பணம் பெறும். "வாய்ஸ்.காம்" என்ற பெயர் 2019-ல் 3 கோடி டாலருக்கு விலை போனது!

போட்டி இதுதான்: குறித்த நாளில் எல்லா அணிகளும் தளம் அமைக்கத் தொடங்கும். குறித்த நாளில் விற்கும். யார் அதிகம் சம்பாதிக்கிறார்களோ, அவர்களுக்கு வெற்றி. பணம் தர்மத்துக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் எங்கே?

சித்தப்பா வாங்கினால்?

டியூவின் தளத்தில் முதல் இரண்டு வாரம் புள்ளி வாங்கியவர்கள் யார்? அவருடைய நண்பர்களும், வீட்டாரும்! அவர்கள் வாங்கியது 4 ஆயிரத்து 700 புள்ளிகள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அது அவருடைய சொந்தத் தொழில். அவர் யாருடனும் போட்டி போடவில்லை.

அதுவே போட்டியில் நடந்தால்? ஓர் அணியில் மில் முதலாளியின் மகன் இருக்கிறான். இன்னோர் அணியில் இட்லிக் கடை அம்மாவின் மகள் இருக்கிறாள். அவள் இரவு பகலாக உழைத்து நல்ல தளம் அமைக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவர் அதை 4 ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறார். மில் முதலாளி மகனோ ஏனோதானோ என்று ஒரு தளம் அமைக்கிறான். அதை அவனுடைய சித்தப்பா ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிவிடுகிறார்!

பரிசு யாருக்கு? மில் முதலாளி மகனுக்கு!

"தர்மத்துக்குத்தானே பணம் போகிறது? யார் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். சித்தப்பாவின் ஒரு லட்சத்தால் அநாதை இல்லத்துக்கு நன்மைதான். அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆனால் அது தளத்தின் விலையா? இல்லை. அது நன்கொடை.

எலுமிச்சம்பழம் சொல்லும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பகுதியில் ஒரு முருகன் கோவில் உண்டு. பங்குனி உத்திர விழாவில் சாமியின் வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை அங்கே ஏலம் விடுவார்கள். 2024-ல் ஒன்பது பழங்கள் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின!

எலுமிச்சம்பழத்தின் விலை அதுவா? வாங்கியவர்களுக்கே தெரியும், அது பழத்தின் விலை அல்ல என்று. அது பக்தியின் காணிக்கை. அந்த ஏலத்தை வைத்து, "இந்தத் தோட்டக்காரர்தான் சிறந்த விவசாயி" என்று யாராவது பரிசு கொடுப்பார்களா?

ஆகவே, முதல் விதி இதுதான்: விலை வேறு, நன்கொடை வேறு. இரண்டு கணக்குப் புத்தகம் வையுங்கள். முன்பின் தெரியாதவர் தளத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணம் விலைக் கணக்கில் சேரட்டும். உறவினர், நண்பர், முதலாளி கொடுக்கும் பணம் நன்கொடைக் கணக்கில் சேரட்டும். தர்மத்துக்கு இரண்டும் போகும். பரிசுக்கு விலைக் கணக்கை மட்டும் பாருங்கள்.

உறவினர் மறைந்திருந்து வாங்கினால்? அதற்கும் வழி உண்டு. விற்கும்போது அணியின் பெயரைப் போடாதீர்கள். 1, 2, 3 என்று எண் மட்டும் போடுங்கள். வாங்குபவரிடம், "நான் எந்த அணிக்கும் வேண்டியவன் அல்ல" என்று எழுதி வாங்குங்கள். பொய் என்று தெரிந்தால், அந்தப் பணம் நன்கொடைக் கணக்குக்கு மாறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடு ஒன்றாக இருக்கட்டும்

ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடுகிறார்கள். இங்கேயும் அப்படித்தான்.

எல்லா அணிக்கும் முதல் ஒன்றாக இருக்க வேண்டும். 2 ஆயிரம் ரூபாய் என்றால், எல்லாருக்கும் 2 ஆயிரம்தான். பெயர் புதிதாகப் பதிந்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கூட்டம் வரும் பழைய தளத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தால் ஏற்கக் கூடாது.

வெளியாள் உதவி? அதையும் முடிவு செய்யுங்கள். ஓர் அணியில் ஒருவருடைய மாமா கம்ப்யூட்டர் என்ஜினீயர். அவர் இலவசமாக வேலை செய்து கொடுத்தால், அது 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் முதல் போட்ட மாதிரி அல்லவா? ஒன்று, வெளியாள் உதவியே கூடாது என்று சொல்லுங்கள். அல்லது, அந்த வேலைக்குச் சந்தைக் கூலி என்னவோ, அதைச் செலவில் எழுதச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா, கூடாதா? அதுவும் விதியில் இருக்கட்டும்.

வசூல் வேறு, லாபம் வேறு

டியூவின் வசூல் 10 லட்சம் டாலருக்கு மேல் என்று பார்த்தோம். அவ்வளவும் அவர் கைக்கு வந்ததா? இல்லை. செலவு, வரி, ஒரு தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடை எல்லாம் போக, ஆறரை முதல் ஏழு லட்சம் டாலர் மிஞ்சும் என்று அவர் கணக்கிட்டார்.

போட்டியிலும் மிஞ்சுவதைத்தான் கணக்கிட வேண்டும். ஓர் உதாரணம் பாருங்கள். முதல் அணி தளத்தை 5 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. ஆனால் 2 ஆயிரம் ரூபாய் முதலையும் முழுவதும் செலவு செய்துவிட்டது. மிச்சம் 3 ஆயிரம். இரண்டாவது அணி 4 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. செலவு 600 ரூபாய்தான். மிச்சம் 3 ஆயிரத்து 400. வெற்றி இரண்டாவது அணிக்கே!

ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும். ரசீது இல்லாத செலவு செய்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வையுங்கள்.

பொய் ஏலம்

டியூவின் கதைக்குத் திரும்புவோம். கடைசி ஆயிரம் புள்ளிகளை 2006 ஜனவரியில் "ஈபே" சந்தையில் ஏலம் விட்டார். ஏலம் ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் ஏறியது! பிறகு என்ன நடந்தது? கேட்டவர்கள் பலர் விளையாட்டுக்குக் கேட்டவர்கள். அந்த ஏலங்கள் ரத்தாயின. கடைசியில் கிடைத்தது 38 ஆயிரத்து 100 டாலர்தான்.

ஆகவே, ஏலம் கேட்பவரிடம் முன்பணம் வாங்குங்கள். வென்றவர் பின்வாங்கினால், அடுத்தபடியாகக் கேட்டவருக்குத் தளம் போகட்டும். தன் தளத்தின் விலையை ஏற்ற, அணியே ஆள் வைத்துக் கேட்டால், அந்த அணி போட்டியிலிருந்து நீங்கட்டும்.

பணம் நேரே அணியின் கைக்குப் போகக் கூடாது. நடுவரிடம் இருக்கட்டும். தளத்தின் சாவி, அதாவது ரகசியச் சொல்லும் பெயரின் உரிமையும், வாங்குபவர் கைக்கு முழுமையாகப் போன பிறகே பணம் விடுபட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிதாகப் பதிந்த பெயரைச் சில வாரங்களுக்கு வேறு பதிவுக் கம்பெனிக்கு மாற்ற முடியாமல் பூட்டிவைப்பது வழக்கம். எனவே எல்லா அணிகளும் ஒரே பதிவுக் கம்பெனியில் பெயர் வாங்கட்டும். அங்கேயே வாங்குபவர் கணக்குக்கு மாற்றிவிடலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவரை ஏமாற்றாதே!

தர்மத்துக்காக என்று சொல்லிச் சொத்தைக் கத்தரிக்காயை விற்கலாமா? கூடாது.

பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் வைத்தால், வழக்கு வாங்கியவர் தலையில் விழும். தளத்துக்குப் பத்தாயிரம் பேர் வருவதாகக் காட்ட, கம்ப்யூட்டரை வைத்துப் பொய்க் கூட்டம் சேர்ப்பதும் உண்டு. முதல் நாள் முதல் உள்ள வருகைக் கணக்கை நடுவரிடம் காட்ட வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

பிரபலமான பெயரைப் போன்ற பெயரும் கூடாது. சத்யம் இன்போவே என்ற கம்பெனி "சிஃபி" என்ற பெயரில் இணையத் தொழில் செய்தது. இன்னொரு கம்பெனி அதே ஓசையில் பெயர் பதிந்துகொண்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. இணையப் பெயருக்கும் வியாபாரச் சின்னத்தைப் போலப் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. சத்யம் இன்போவே கம்பெனிதான் வென்றது. உங்கள் போட்டியில் வாங்கியவருக்கு அப்படி ஒரு வழக்கு வந்தால், கெட்டுப்போவது யார் பெயர்? அணியின் பெயர் மட்டும் அல்ல. அநாதை இல்லத்தின் பெயரும்தான்!

பணம் போய்ச் சேர்ந்ததா?

எல்லாவற்றுக்கும் முக்கியமான விதி இது. பணம் எந்த இல்லத்துக்கு? முழுப் பணமா, பாதியா? போட்டி நடத்தும் செலவு அதில் கழியுமா? முதலில் கொடுத்த 2 ஆயிரம் யாருக்குத் திரும்பும்? என்றைக்குள் பணம் போய்ச் சேரும்? இவை எல்லாம் தொடக்க நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

இல்லத்தின் அனுமதி இல்லாமல் அதன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. பணம் இல்லத்தின் பாங்கிக் கணக்கில் நேராகச் சேரட்டும். இல்லம் கொடுக்கும் ரசீதை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். விலைக் கணக்கு இவ்வளவு, நன்கொடைக் கணக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடுங்கள்.

நடுவருக்கு எந்த அணியிலும் உறவினர் இருக்கக் கூடாது. இரண்டு அணிகள் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதும் எழுதியிருக்கட்டும். பாதியில் ஓர் ஓட்டை தெரிந்தால், விதியை நடுவில் மாற்றாதீர்கள். குறித்து வைத்து, அடுத்த போட்டியில் அடையுங்கள். யாரோ ஒருவருக்காக மாற்றினார்கள் என்ற பேச்சு வந்தால், பிறகு ஒருவரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

இத்தனை விதிகளும் ஒரே தாளில் அடங்கும். அதைப் போட்டி தொடங்கும் முன்பே எல்லா அணிகளுக்கும் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்குங்கள். அப்போது இட்லிக் கடை அம்மாவின் மகளும் தைரியமாகப் பெயர் கொடுப்பாள். மில் முதலாளியின் மகனும் உழைத்துப் பார்ப்பான். சித்தப்பாவின் ஒரு லட்சமும் அநாதை இல்லத்துக்குப் போய்ச் சேரும்!