கணக்கு மென்பொருளில் மூடப்படாத பின்வாசல்

புது தில்லி: பேரேட்டில் ஒரு தொகையைத் திருத்த நேர்ந்தால், பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டு, மேலே புதிய எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடுவது கணக்குப் பிள்ளைகளின் வழக்கம். அடித்த எண்ணைப் பிறகும் படிக்க முடியும். கணினி வந்த பிறகு இந்தப் பாதுகாப்பு போய்விட்டது. புதிய எண் பதிவானதும் பழையது இருந்த சுவடே மறைந்துவிடும்.

இக்குறையைப் போக்கவே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021 மார்ச் 24-ம் தேதி கணக்கு விதிகளைத் திருத்தியது. ஒவ்வொரு பரிவர்த்தனையின் தணிக்கைத் தடத்தையும், செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் தேதியையும் தானே பதிவு செய்கிற, யாராலும் நிறுத்தி வைக்க முடியாத மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஒரே வாரத்தில், ஏப்ரல் 1 முதல் அமலாகும் என முதலில் அறிவிக்கப்பட்டது. நடக்கிற காரியமா? இரு முறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது.

இதன் அவசியத்தை உணர சத்யம் விவகாரமே போதும். ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் ரூ. 5,040 கோடி இல்லாத பணம் என்று 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விற்பனைப் பட்டியல்கள் நிறுவனத்தின் கணினி அமைப்பிலேயே நுழைக்கப்பட்டிருந்ததாக சிபிஐ கண்டறிந்தது. தனி அதிகாரம் பெற்ற பயனாளர் கணக்கின் வழியே நுழைந்த அவை, மற்ற ஊழியர்களின் திரையில் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. 2015-ல் ராஜு உள்ளிட்ட 10 பேர் குற்றவாளிகள் என ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

அப்படியானால் புதிய விதி அந்த வழியை அடைத்துவிட்டதா? பாதிதான்.

பெரிய வணிக மென்பொருள்களில் இரண்டு வாசல்கள் உண்டு. ஊழியர் திரையில் தட்டெழுதுவது முன்வாசல். இங்கு நடக்கும் திருத்தங்களை மென்பொருளே பதிவு செய்துகொள்ளும். அந்த எண்கள் உண்மையில் வசிப்பதோ அடியில் உள்ள தரவுத்தள அட்டவணைகளில். தரவுத்தள நிர்வாகி, திரைப்பக்கமே வராமல், ஒற்றைக் கட்டளையில் அட்டவணையை நேரடியாக மாற்ற முடியும். இதுதான் பின்வாசல். இவ்வழியே நடப்பதை முன்வாசல் பதிவேடு அறியாது.

எஸ்ஏபி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அட்டவணை மாற்றங்களைப் பதிவு செய்ய, அமைப்பு முழுமைக்குமான விசை ஒன்றையும், அந்தந்த அட்டவணைக்குரிய விசையையும் இயக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயக்கினால் எதுவும் பதிவாகாது. இரண்டையும் இயக்கினாலும், தரவுத்தளத்துக்குள் நேரடியாக இடப்படும் கட்டளை அதில் சிக்குவதில்லை. அதற்குத் தரவுத்தளத்தின் சொந்தத் தணிக்கை வசதியைத் தனியே இயக்க வேண்டும். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதும் தானியங்கி நிரலை அமைப்பதும் உண்டு. ஆனால் நிர்வாகி நினைத்தால் அந்த நிரலையே நிறுத்திவிடலாம். ஆகவே பதிவுகள் அவர் கைக்கு எட்டாத வேறொரு கணினியில் சேர வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் "தணிக்கைத் தடம் இருக்கிறது" என்று சொல்வது, பூட்டைப் போட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பானது.

எல்லாவற்றையும் பதிவு செய்தால் அமைப்பு மந்தமாகும், சேமிப்புச் செலவு ஏறும் என்பது நிறுவனங்களின் வாதம். நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் வரவு எழுதும் அட்டவணைகளில் அது உண்மையே. ஆனால் நிர்வாகிகளின் நேரடிக் கட்டளைகளை மட்டும் பதிவு செய்ய அத்தனை பாரம் தேவையில்லை.

தணிக்கையாளர்கள் இதுகுறித்து முதன்முதலாக 2023-24 நிதியாண்டு அறிக்கைகளில் கருத்துத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா, சிதைக்கப்பட்டதா என்று அவர்கள் எழுதியாக வேண்டும். பெயர் பெற்ற பல நிறுவனங்களின் அறிக்கைகளிலேயே, தரவுத்தள அளவில் நேரடி மாற்றங்களுக்குத் தடம் இயக்கப்படவில்லை என்ற வாசகம் இடம்பெற்றது. பங்கு வாங்குவோரில் எத்தனை பேர் அந்தப் பக்கம் வரை புரட்டியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஊதியக் கணக்கு போன்றவற்றை வெளியார் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனங்களின் நிலை இன்னும் சிக்கலானது. சேவை வழங்குபவரின் சான்றறிக்கை தரவுத்தளம் பற்றிப் பேசாவிட்டால், தணிக்கையாளர் தம்மால் கருத்துக் கூற இயலவில்லை என்றே எழுத நேர்கிறது.

கணக்கேடுகளை 8 ஆண்டுகள் பாதுகாப்பது கம்பெனிச் சட்டப்படி கட்டாயம். அவற்றை உரிய முறையில் வைத்திராவிட்டால், பொறுப்பான நிர்வாக இயக்குநர் அல்லது தலைமை நிதி அதிகாரிக்கு ரூ. 50 ஆயிரம் முதல் ரூ. 5 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். தணிக்கைத் தடமும் அதே போல் பாதுகாக்கப்படுகிறதா என்பதையும் 2024-25 முதல் தணிக்கையாளர்கள் தெரிவிக்க வேண்டியுள்ளது. முதல் ஆண்டில் தரவுத்தளப் பதிவையே இயக்காத நிறுவனங்களிடம், அந்த ஆண்டின் நேரடி மாற்றங்களைப் பற்றிக் காட்டுவதற்கு எதுவும் இல்லை.