கோவில் மதில் எங்கே போயிற்று?

கங்கைகொண்ட சோழபுரம்!

எவ்வளவு பெரிய பெயர்! ஆனால் பஸ்சை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது ஒரு சிறிய ஊர்தான். ரோட்டோரம் டீக்கடை. நாலைந்து ஆடுகள். கொஞ்ச தூரத்தில் முந்திரித் தோப்பு. இந்த ஊரா சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்தது?

தலையை நிமிர்த்திப் பார்த்தால் சந்தேகம் பறந்துவிடும். சுமார் 180 அடி உயரத்துக்கு வானைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது சிவன் கோவில் விமானம்!

கட்டியவன் ராஜேந்திர சோழன். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜனின் மகன். அவனுடைய படை 1023-ம் ஆண்டு வாக்கில் வடக்கே கங்கை வரை போய் வெற்றி பெற்றது. மன்னன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான். குடம் குடமாகக் கங்கை நீர் வந்தது. தோற்ற அரசர்களின் தலையிலேயே அந்தக் குடங்கள் ஏற்றப்பட்டனவாம்.

அந்த வெற்றிக்காகப் புதிய தலைநகரம்! புதிய கோவில்! ஒரு பெரிய ஏரியும் வெட்டினான். வெற்றி பெற்ற அரசர்கள் கல்லில் தூண் நடுவார்கள். ராஜேந்திரனோ தண்ணீரில் நட்டான். அந்த ஏரியைத் ‘தண்ணீரால் ஆன வெற்றித் தூண்’ என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அப்போது அதற்குச் சோழகங்கம் என்று பெயர். இப்போது பொன்னேரி.

அப்பா கோவிலும் மகன் கோவிலும்

தஞ்சைக் கோவிலைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். தஞ்சை விமானம் அம்பு போல நேராக மேலே போகும். இங்கே நடுவில் சற்று உள்வாங்கி, வளைந்து, மேலே போகிறது. உயரமும் கொஞ்சம் குறைவு. தகப்பனாரை மிஞ்சக்கூடாது என்று மகன் குறைத்துக் கட்டினான் என்பார்கள். அது உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது!

உள்ளே இருக்கும் சிவலிங்கம் மிகப் பெரியது. உயரம் சுமார் 13 அடி. ஐப்பசிப் பவுர்ணமி அன்று மூட்டை மூட்டையாக அரிசி வடித்து, இந்த லிங்கத்துக்கு அன்னாபிஷேகம் செய்கிறார்கள். அன்றைக்கு ஊரே திரண்டிருக்கும்.

வடக்குப் பக்கத்துப் படி அருகே ஒரு சிற்பம். அதை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்!

சிவபெருமான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பார்வதி. கீழே கைகூப்பி ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் தலையில் சிவபெருமான் தம் கையாலேயே கொன்றை மாலையைச் சுற்றுகிறார். கீழே இருப்பவர் சண்டிகேசுவரர். மாடு மேய்த்த பிள்ளை. மணலில் லிங்கம் பிடித்து, பாலை ஊற்றி வழிபட்டவர். அந்தப் பாலை உதைத்துத் தள்ளிய தகப்பனாரையே கோபத்தில் வெட்டியவர். அந்த முகத்தில் இருக்கும் அடக்கத்தைப் பாருங்கள். கல் என்பதே மறந்துபோகும். சண்டிகேசுவரர் வடிவில் ராஜேந்திரனைத்தான் சிற்பி செதுக்கிவிட்டான் என்று சொல்பவர்களும் உண்டு.

பெரியவர் போட்ட குண்டு

சுற்றிப் பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பெரிய கோவிலுக்குப் பெரிய மதில் இருந்திருக்கவேண்டுமே! கிழக்கு வாசலில் கோபுரம் இல்லை. அதன் அடிப்பகுதி மட்டும் இடிந்து நிற்கிறது. மற்றதெல்லாம் எங்கே?

டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“தம்பி, எந்தப் பக்கமா வந்தீங்க?”

“கும்பகோணத்திலிருந்து, அய்யா. அணைக்கரை வழியாக.”

“அப்போ எங்க கோவில் கல்லு மேலதான் வந்திருக்கீங்க!” என்றார் அவர்.

தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் சொன்னது கதை அல்ல!

1836-ம் ஆண்டு. கும்பினியார் ஆட்சி. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் மேலணை கட்டி, காவிரிக்குத் தண்ணீர் திருப்பினார். அதனால் கொள்ளிடத்தில் தண்ணீர் குறையும். கொள்ளிடத்தை நம்பிய வயல்கள் என்ன ஆவது? அதற்காக அணைக்கரையில் கீழணை எழும்பியது.

அணைக்குக் கல் வேண்டும். பக்கத்தில் மலை இல்லை. கோவில்தான் இருந்தது!

மதிலைப் பெயர்த்தார்கள். சிற்பங்கள் செதுக்கிய கற்களையும் விடவில்லை. வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள்.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஏழைகள்தான், ஆனாலும் முடிந்த மட்டும் போராடித் தடுத்தார்கள். என்ன நடந்தது? அதிகாரிகளை அவமதித்ததாகச் சொல்லித் தண்டித்தார்கள்! “கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம்” என்று ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். அந்த வாக்குறுதி காற்றில் போயிற்று. இதைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஒருவர் வருத்தத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த ஏழைகளின் போராட்டம் நமக்குத் தெரிகிறது. அவர்களுடைய பெயர்களைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

கோபம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் அந்த அணையால் பிழைத்த குடும்பங்களையும் நினைக்கவேண்டியிருக்கிறது. கீழணையில் தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அதுவும் சோழர் வெட்டிய ஏரிதான். 2004-ம் ஆண்டு முதல் வீராணத்துத் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது.

அதே 2004-ம் ஆண்டில்தான் இந்தக் கோவிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது!

போகிறவர்களுக்கு

குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கல் தரை காலைச் சுட்டுவிடும். சிங்க வாய் வழியாகப் படி இறங்கும் கிணறு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு வரமாட்டார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேடும் அருகில்தான். அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன.

திரும்பும் வழியில் அணைக்கரையில் இறங்கினேன். மீன் கடைகளில் கூட்டம். கரையோரமாக நடந்து, அணையின் கற்களை உற்று உற்றுப் பார்த்தேன். பாசி படிந்த கற்கள். எது கோவில் கல், எது வேறு கல் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதகு வழியாகத் தண்ணீர் வடவாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.