ஹோட்டலில் ரெய்டு... உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்னவெல்லாம் செய்யலாம், எதையெல்லாம் செய்யக் கூடாது?

என் அத்தை சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடுகிறார். ஒரு தள்ளுவண்டி, ஒரு வாணலி, ஒரு கேஸ் சிலிண்டர். அவ்வளவுதான் கடை. போன வருடம் ஒருநாள், கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஏதோ தொங்க, ஒருவர் பைக்கில் வந்து இறங்கியிருக்கிறார். "ஃபுட் டிபார்ட்மென்ட். எண்ணெய் கறுப்பா இருக்கு. அஞ்சாயிரம் ஃபைன்" என்றாராம். அத்தை கெஞ்சிக் கூத்தாடி, டப்பாவில் இருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ரசீது கிடையாது. வந்தவர் நிஜ அதிகாரியா, டுபாக்கூரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"நிஜ அதிகாரியாவே இருந்தாலும் அப்படி வாங்க முடியாது அத்தை" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "உனக்கென்ன கண்ணு, சட்டம் பேசுவ. வண்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்காகவே சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தேன்.

இன்னமும் நம்மில் பலர் 'ஃபுட் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறோம். அது 1954-ம் வருட உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் பதவி. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 வந்து, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையானதும் அந்தப் பழைய சட்டம் போய்விட்டது. இப்போது அவர் பெயர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேலே மாவட்டத்தில் நியமன அலுவலர், மாநிலத்துக்கு ஆணையர். இந்த மூன்று படிகளை மறந்துவிடாதீர்கள். எந்த அதிகாரம் எந்தப் படியில் இருக்கிறது என்பதுதான் விஷயமே.

கதவைத் திறக்கலாம்... ஆனால்?

சட்டத்தின் 38-வது பிரிவு அலுவலருக்குப் பெரிய அதிகாரம் தருகிறது. விற்பதற்காக உணவு தயாரிக்கும், சேமிக்கும், காட்சிக்கு வைக்கும் எந்த இடத்துக்குள்ளும் அவர் நுழைந்து சோதனை செய்யலாம். 'எந்த இடமும்' என்பதைக் கவனியுங்கள். வீட்டிலேயே கேக் செய்து இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள், ஊறுகாய் போட்டு கூரியர் அனுப்புபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். சாம்பிள் எடுக்கலாம், சந்தேகப்படும் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அல்லது 'இதை விற்க மாட்டேன்' என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்காரரிடமே விட்டுவைக்கலாம். தடுத்தால் சிறைத் தண்டனை வரை போகும். அதனால், அதிகாரியை உள்ளே விடாமல் வாசலில் நின்று சண்டை போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

ஆனால், படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. அவர் செய்யும் பல காரியங்களோடு ஒரு காகிதத்தையும் சட்டம் கட்டிவிட்டிருக்கிறது.

கெட்டுப்போன சிக்கன்மேல் பினாயில் ஊற்றும் காட்சியை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்த பிறகு நடந்த சோதனைகளில் இப்படி நிறைய வீடியோக்கள் வந்தன. சீக்கிரம் கெடும் பொருள், மனிதர் சாப்பிட லாயக்கில்லாத நிலையில் இருந்தால், அலுவலர் அதை அழிக்கலாம். ஆனால், கடைக்காரருக்கு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுத்த பிறகுதான். கேமரா அந்தக் காகிதத்தைக் காட்டுவதில்லை.

சாம்பிள் எடுப்பது இன்னும் நுணுக்கமான வேலை. பரிசோதனைக்கு எடுக்கிறேன் என்று முதலில் நோட்டீஸ் தர வேண்டும். சாம்பிளை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சீல் வைத்து, கடைக்காரரின் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். அவர் மறுத்தால் சாட்சிகளை அழைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பாகங்கள் நியமன அலுவலருக்கு. நான்காவது பாகம்தான் முக்கியம். கடைக்காரர் கேட்டால் அதை அங்கீகரிக்கப்பட்ட வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடும் செய்யலாம்.

எடுத்த சாம்பிளுக்கு மார்க்கெட் விலையில் காசு கொடுக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இந்த நடைமுறைகள் கடைக்காரரைக் காப்பாற்ற மட்டும் இல்லை. சீல் சரியில்லை, நோட்டீஸ் தரவில்லை என்ற ஓட்டைகள் வழியாகத்தான் உண்மையான கலப்படக்காரர்களும் தப்பிக்கப் பார்ப்பார்கள். பினாயில் வீடியோவை வைத்து கோர்ட்டில் வழக்கை நிரூபிக்க முடியாது. நான்கு சீல் வைத்த பாகங்களை வைத்துத்தான் முடியும்.

ஃபைன் யார் போடலாம்?

அத்தையின் கதைக்கு வருவோம். தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தப்பான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் உண்டு. ஆனால், அதை விதிப்பவர் தீர்ப்பு வழங்கும் அதிகாரி. தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் இதை விசாரிக்கிறார். தள்ளுவண்டிக்காரர் மாதிரியான சிறு வியாபாரிகள், சிறைத் தண்டனை இல்லாத குற்றமாக இருந்தால், நியமன அலுவலரிடம் பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. வாணலிக்குப் பக்கத்தில் நின்று தொகையை முடிவு செய்து, ரசீது இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை.

உயிருக்கு ஆபத்தான 'பாதுகாப்பற்ற உணவு' என்றால் அது கிரிமினல் வழக்கு. மரணம் நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

கடையை மூடுவதும் அலுவலர் கையில் இல்லை. நியமன அலுவலர் முதலில் 'குறைகளைச் சரிசெய்யுங்கள்' என்று குறைந்தது 14 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் தருவார். கேட்காவிட்டால் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படும், பிறகு ரத்து. மக்கள் ஆரோக்கியத்துக்கு ஆபத்து என்றால் காரணத்தை எழுதிவைத்துவிட்டு அவர் உடனேயே லைசென்ஸை நிறுத்தலாம். ஒரு பொருளையே தடை செய்வது ஆணையரின் அதிகாரம். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை வந்தது அப்படித்தான்.

காரணமே இல்லாமல், வேண்டுமென்றே தொல்லை தரும் நோக்கில் பறிமுதல் செய்த அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 39-வது பிரிவு. அதே பிரிவில், அலுவலர்மீது பொய்ப் புகார் கொடுத்தால் புகார்தாரருக்கு 50,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் என்றும் இருக்கிறது. இரண்டாவது பாதியைப் படித்தால் எந்தப் பெட்டிக்கடைக்காரர் புகார் கொடுக்கத் துணிவார் என்று தோன்றுகிறது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வாங்கிச் சாப்பிடும் நமக்கும் 40-வது பிரிவு ஓர் அதிகாரம் தருகிறது. வாங்கும்போதே 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த அளவுக்குப் பொறுமை இல்லையென்றால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் போட்டோவோடு அனுப்பலாம்.

அத்தை இப்போது பதிவுச் சான்றிதழை லேமினேட் செய்து வண்டியில் மாட்டியிருக்கிறார். எண்ணெயை அடிக்கடி மாற்றுகிறார். (அந்த ஆள் யாராக இருந்தாலும், எண்ணெய் கறுப்பாகத்தான் இருந்தது என்று என்னிடம் ஒப்புக்கொண்டார்.) நான் படித்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அது சரி கண்ணு... சாம்பிளுக்குக் காசு தரணும்னியே, நாலு பாகத்துக்கும் சேர்த்தா?"

"ஆமா அத்தை."

"அப்போ சட்னிக்கு?"